நிலத்தடியில் நகரும் நஞ்சு: வழி காட்டும் கணினிக் கணக்கு

உங்கள் கிணற்றில் இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆலையின் கழிவுக் குவியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறீர்கள். ‘குறை ஒன்றும் இல்லை’ என்று முடிவு வருகிறது. இனி நிம்மதியாக இருக்கலாமா?

அந்த முடிவு அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். குவியலில் இருந்து மழை நீரோடு இறங்கிய நஞ்சு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, உங்கள் கிணற்றை எட்ட ஐந்து ஆண்டு ஆகுமா, ஐம்பது ஆண்டு ஆகுமா என்பதை ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துச் சொல்லிவிட முடியாது. சுத்தம் செய்ய இறங்கும் அதிகாரிக்கும் இதே சிக்கல்தான். எங்கே ஆழ்துளைக் கிணறு போட்டு நஞ்சு கலந்த நீரை இறைப்பது? எத்தனை ஆண்டு இறைப்பது? இறைத்தால் நஞ்சு பக்கத்து ஊருக்கு இழுபடுமா, பின்வாங்குமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட இன்று உலகம் முழுவதும் நிலத்தடி நீரின் கணினி மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எங்கே கைகொடுக்கிறது, எங்கே தவறுகிறது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால், கணக்கு தவறினால் முதலில் பாதிக்கப்படுவது உங்கள் கிணறுதான்.

பழத்தோட்டத்தில் எழுந்த அணு ஆலை

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் உள்ள ஹான்போர்டு ஒரு நல்ல உதாரணம். வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆண்டுக்கு 170 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் வறண்ட பூமி. ஆனாலும் ஆற்றுப் பாசனத்தை நம்பி ஹான்போர்டு, ஒயிட் பிளப்ஸ் என்ற இரண்டு ஊர்க்காரர்கள் ஆப்பிள், செர்ரி, பாதாமி என்று பழத்தோட்டங்கள் வளர்த்துவந்தார்கள். 1943-ல் அமெரிக்க அரசு அவர்களை வெளியேற்றிவிட்டு, சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1945 ஆகஸ்டில் நாகசாகி மீது வீசப்பட்ட குண்டுக்கான புளூட்டோனியம் அங்கேதான் தயாரானது.

அதன் பிறகும் சுமார் 40 ஆண்டுகள் உற்பத்தி நடந்தது. ஆற்றங்கரையில் மொத்தம் 9 அணு உலைகள் இயங்கின. மிகக் கொடிய கழிவு நிலத்துக்கு அடியில் 177 தொட்டிகளில் சேர்ந்தது. அதன் அளவு சுமார் 21 கோடி லிட்டர். தொட்டிகளில் பல கசிந்துவிட்டன. இவை போக, கதிரியக்கமும் ரசாயனமும் கலந்த ஏராளமான கழிவு நீர் குழிகளிலும் குட்டைகளிலும் நேரடியாக மண்ணில் விடப்பட்டது. அது மெல்ல இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டது. நிலத்தடி நீர் கொலம்பியா ஆற்றை நோக்கி நகர்கிறது. அந்த ஆற்றுப் பாசனத்தில்தான் இன்றும் சுற்றுவட்டாரத்தில் உருளைக்கிழங்கு, ஆப்பிள், திராட்சை விளைகின்றன.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் அங்கே உண்டு. ஊர்க்காரர்கள் வெளியேறும் முன்பு, ஆப்பிளைத் துளைக்கும் புழுவுக்கு எதிராக ஈய ஆர்சனேட் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துவந்தார்கள். அந்த ஈயமும் ஆர்சனிக்கும் இன்றும் மேல்மண்ணில் தங்கியிருக்கின்றன. சுமார் 5,000 ஏக்கர் பழைய தோட்ட நிலம் இதற்காகத் தனியாக ஆய்வு செய்யப்பட்டது. ஒரே நிலத்தில் ஒரு நஞ்சு 80 ஆண்டாக மேல்மண்ணை விட்டு நகரவில்லை. இன்னொரு நஞ்சு 200 அடிக்கும் கீழே இறங்கி, ஆற்றை நோக்கிக் கிளம்பிவிட்டது. எது தங்கும், எது நகரும் என்று கணிப்பதுதான் கணினி மாதிரியின் வேலை.

பாத்தி பிரிக்கும் கணக்கு

கணினி மாதிரி என்றதும் மிரள வேண்டாம். வயலைப் பாத்தி பிரித்து நீர் பாய்ச்சுவது உங்களுக்குக் கைவந்த வேலை. மேட்டுப் பாத்தியில் இருந்து பள்ளப் பாத்திக்கு மடை வழியாகத் தண்ணீர் போகும். மடை அகலமாக இருந்தால் வேகமாகப் போகும். களிமண் அடைத்திருந்தால் கசிந்துதான் போகும்.

கணினியும் நிலத்துக்கு அடியில் உள்ள பகுதியை இப்படித்தான் ஆயிரக்கணக்கான, சில சமயம் லட்சக்கணக்கான பாத்திகளாகப் பிரிக்கிறது. பக்கவாட்டில் மட்டுமல்லாமல், மேலிருந்து கீழாகவும் அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பாத்திக்கும் சில விவரங்கள் தேவை. அங்கே இருப்பது மணலா, களிமண்ணா, பாறையா? நீர்மட்டம் எவ்வளவு? மழையில் எவ்வளவு இறங்குகிறது? கிணறுகள் எவ்வளவு இறைக்கின்றன? இவற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு பாத்திக்கும் வந்த நீர் எவ்வளவு, போன நீர் எவ்வளவு என்று கணினி வரவு செலவு போடும். மணல் வழியாக நீர் எவ்வளவு வேகத்தில் போகும் என்ற அடிப்படை விதியை பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-லேயே வெளியிட்டுவிட்டார். அந்த விதியை வைத்து அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1980-களில் உருவாக்கிய ‘மாட்ஃப்ளோ’ என்ற மென்பொருளை இன்று யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

அடுத்தது நஞ்சின் கணக்கு. எல்லா நஞ்சும் தண்ணீரின் வேகத்திலேயே போவதில்லை. டெக்னீசியம்-99 என்ற கதிரியக்கப் பொருள் ஹான்போர்டு மண்ணில் அதிகம் ஒட்டாமல் நீரோடு நீராக ஓடும். சீசியம்-137 களிமண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கதிரியக்கம் தேயும் காலமும் பொருளுக்குப் பொருள் மாறும். டிரிட்டியம் சுமார் 12 ஆண்டில் பாதியாகும். டெக்னீசியம்-99 பாதியாக 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவற்றையும் ஒவ்வொரு பாத்தியின் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

பிறகு வருவது முக்கியமான படி. போட்ட கணக்கு சரியா என்று கடந்த காலத்தை வைத்துச் சோதிப்பார்கள். 20 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்று வரை கணினியை ஓடவிடுவார்கள். அது சொல்லும் நீர்மட்டமும் மாசு அளவும், கிணறுகளில் உண்மையில் பதிவான அளவுகளோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் மண்ணைப் பற்றிய ஊகத்தைத் திருத்தி மறுபடியும் ஓட்டுவார்கள். கடந்த காலத்தைச் சரியாகச் சொன்ன பிறகுதான் எதிர்காலத்தைக் கேட்பார்கள்.

எங்கே கைகொடுத்தது?

ஹான்போர்டின் மையப் பகுதியில் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். அது நிலத்தடி நீரில் பல சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் பரவிவிட்டது. அதோடு டெக்னீசியம், குரோமியம், நைட்ரேட் எல்லாம் கலந்திருந்தன. இதைச் சுத்தம் செய்யப் பெரிய சுத்திகரிப்பு ஆலை ஒன்றைக் கட்டி 2012-ல் இயக்கத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் கிணறுகள் மாசு நீரை இறைக்கும். ஆலையில் சுத்தமான நீரை வேறு கிணறுகள் வழியாக நிலத்துக்குள்ளேயே திரும்பச் செலுத்தும்.

இறைக்கும் கிணறு எங்கே, செலுத்தும் கிணறு எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடம் மாறிப் போட்டால் செலுத்தும் நீரே மாசை வெளியே தள்ளிவிடும். சரியான இடத்தில் போட்டால், செலுத்தும் நீர் ஒரு வரப்புப் போல நின்று மாசை இறைக்கும் கிணறு நோக்கித் திருப்பும். இதைக் கணினியில் பல விதமாக ஓட்டிப் பார்த்துத்தான் இடம் குறித்தார்கள். 25 ஆண்டு இறைத்தால் கார்பன் டெட்ராகுளோரைடில் சுமார் 95 சதவீதத்தை வெளியே எடுத்துவிடலாம், மிச்சம் தானாகக் குறைய இன்னும் 100 ஆண்டு ஆகும் என்ற திட்டமும் இந்தக் கணக்கில் இருந்து வந்ததுதான்.

எங்கே தவறியது?

அதே ஹான்போர்டின் தென்கோடியில், ஆற்றை ஒட்டி யுரேனிய எரிபொருள் தயாரித்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கே யுரேனியம் கலந்த கழிவு நீரைக் குட்டைகளில் விட்டிருந்தார்கள். 1990-களில் குட்டை மண்ணை அள்ளி அகற்றும் பணி தொடங்கியது. நிலத்தடி நீரில் மிஞ்சிய யுரேனியத்தை என்ன செய்வது என்று கணக்குப் போட்டபோது, 3 முதல் 10 ஆண்டுகளில் அது தானாகவே குறைந்துவிடும் என்று விடை வந்தது. எனவே கண்காணித்தால் போதும் என்று முடிவானது.

சொன்ன காலம் கடந்தும் யுரேனியம் குறையவில்லை. என்ன தவறு நடந்தது?

மேலே உள்ள அணைகளில் திறக்கும் நீரைப் பொறுத்துக் கொலம்பியா ஆறு தினமும் ஏறி இறங்கும். பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் இன்னும் அதிகம் ஏறும். கரையோரம் பருமணலும் சரளைக் கல்லும் நிறைந்த பூமி என்பதால், ஆறு ஏறினால் நிலத்தடி நீரும் உடனே ஏறும். அப்போது வழக்கமான நீர்மட்டத்துக்கு மேலே உலர்ந்து கிடக்கும் மண் நனையும். அந்த மண்ணில் ஒட்டியிருந்த யுரேனியம் கரைந்து நீரில் கலக்கும். ஆறு வடிந்தால் மாசு நீரும் வடிந்து போகும். அடுத்த ஆண்டு மீண்டும் இதே கதை. கரைத்துக் கொடுக்க ஒரு இருப்பு மண்ணிலேயே இருந்தது. முதல் கணக்கு, யுரேனியம் மண்ணில் ஒட்டும் தன்மையை ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டது. ஆற்றின் இந்த ஏற்ற இறக்கமும் மண்ணில் இருந்த இருப்பும் அதற்குள் வரவில்லை.

நம் ஊரில் நீர்மட்டம் ஏறும்போது அடியில் கிடந்த உப்பு மேலே வந்து பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே சங்கதிதான்.

பிறகு விஞ்ஞானிகள் அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட கிணறுகளை நெருக்கமாகத் தோண்டினார்கள். ஆற்று மட்டத்தையும் கிணற்று மட்டத்தையும் மணிக்கொரு முறை பதிவு செய்தார்கள். அந்த விவரங்களைக் கொடுத்து, மீத்திறன் கணினியில் புதிய மாதிரியை ஓட்டினார்கள். ஆற்றின் ஏற்ற இறக்கம் எப்படி யுரேனியத்தை விட்டு விட்டு விடுவிக்கிறது என்பது அப்போது தெளிவானது.

புதிய புரிதலால் சிகிச்சையும் மாறியது. யுரேனியம் அதிகம் தேங்கிய சுமார் 3 ஏக்கர் பரப்பைத் தேர்ந்தெடுத்து, நீர்மட்டம் ஏறி இறங்கும் மண் அடுக்கில் பாஸ்பேட் கரைசலைச் செலுத்த 2013-ல் முடிவெடுத்தார்கள். பாஸ்பேட் யுரேனியத்தோடு சேர்ந்தால் எளிதில் கரையாத கனிமமாக மாறி மண்ணிலேயே தங்கிவிடும். நீங்கள் அடியுரமாக இடும் மணிச்சத்து மண்ணில் சுண்ணாம்போடு சேர்ந்து பயிருக்குக் கிடைக்காமல் கட்டிப்போவது போன்றதுதான் இதுவும். வயலில் இழப்பாக இருக்கும் அந்தக் குணம் அங்கே மருந்தானது.

ராணிப்பேட்டையிலும் அதே ரசாயனம்

ஹான்போர்டு எங்கோ இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. அங்கே அணு உலைக் குழாய்கள் துருப்பிடிக்காமல் இருக்கக் குளிர்விக்கும் ஆற்று நீரில் சோடியம் டைகுரோமேட் கலந்தார்கள். அது கசிந்து ஆற்றங்கரை நிலத்தடி நீரில் குரோமியமாகப் பரவியது. ஆற்றில் சால்மன் மீன் முட்டையிடும் இடங்களைக் காப்பாற்ற, அந்த நீரை இறைத்துச் சுத்திகரித்துவருகிறார்கள்.

ராணிப்பேட்டையில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை தோல் பதனிடும் தொழிலுக்காகத் தயாரித்ததும் இதே குடும்பத்து உப்புகளைத்தான். 1990-களில் ஆலை மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு திறந்தவெளியில் குவிந்து நின்றது. குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. மும்மதிப்பு குரோமியம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அறுமதிப்பு குரோமியம் நீரில் கரைந்து ஓடும், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குவியலில் இருந்து மழையில் கரைந்து இறங்குவது இரண்டாம் வகை. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் இந்தக் குவியலைச் சுற்றியுள்ள கிணறுகளை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2011-ல் வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பே, பாலாற்றின் மேற்படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு பரவுவது பற்றி அதே நிறுவனத்தின் கணினி மாதிரி ஆய்வு 1999-ல் வெளிவந்தது. கழிவு விடுவதைப் பாதியாகக் குறைத்தாலும் 20 ஆண்டுகளில்கூட நிலத்தடி நீர் தெளிந்துவிடாது என்று அது எச்சரித்தது. மண்ணும் பாறை இடுக்கும் உறிஞ்சி வைத்த உப்பு, வெளியேற நெடுங்காலம் எடுக்கும். ‘ஆலையை மூடியாகிவிட்டது, இனிக் கவலை இல்லை’ என்று யாராவது சொன்னால், இந்த எச்சரிக்கையை நினைவில் வையுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் பகுதியில் ஆலையோ, குப்பைக் கிடங்கோ, கழிவு அகற்றும் திட்டமோ வரும்போது, ‘கணினி மாதிரியில் பார்த்துவிட்டோம், பாதிப்பு இல்லை’ என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொல்லக்கூடும். கணினி சொல்லிவிட்டது என்பதற்காக வாயடைத்து உட்கார வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

எத்தனை கிணறுகளின் அளவுகளை எடுத்தீர்கள்? அவற்றில் எங்கள் ஊர்க் கிணறுகள் உண்டா?

அளவு எடுத்தது எந்த மாதங்களில்? மழைக்கு முன்பும் பின்பும் எடுத்தீர்களா?

ஏரி நிரம்பும்போதும் ஆற்றில் நீர் வரும்போதும் நீர்மட்டம் எவ்வளவு ஏறும் என்பது கணக்கில் உண்டா?

விவசாய மோட்டார்கள் இறைக்கும் நீரைச் சேர்த்தீர்களா?

கடந்த ஆண்டுகளின் உண்மை அளவோடு மாதிரியின் விடை எந்த அளவுக்கு ஒத்துப்போனது?

கணக்கு தவறினால் அடுத்த திட்டம் என்ன? யார், எத்தனை ஆண்டு கண்காணிப்பார்கள்?

பதில் எழுத்தில் வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அரசு அலுவலகங்களில் உள்ள ஆய்வு அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

உங்கள் நோட்டில் இருக்கட்டும்

மாதிரிக்கு உயிர் கொடுப்பது கிணற்று அளவுகள்தான். அவை இல்லாத இடத்தில் கணினி ஊகத்தை வைத்தே ஓடும். அந்த அளவுகளை எடுக்க உங்களாலும் முடியும்.

மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், காலையில் மோட்டார் போடும் முன் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். கிணற்றுச் சுவரில் ஒரு புள்ளியைக் குறித்துவைத்து, எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டால் எத்தனை அடியில் மண் மாறியது, எங்கே பாறை, எங்கே ஊற்று என்பதைத் துளை போடுபவரிடம் கேட்டு அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையிலும் மழை முடிந்த பிறகும், மண் மற்றும் நீர் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவையும் கார அமிலத் தன்மையையும் பரிசோதியுங்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் சிறிது நேரம் மோட்டாரை ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலைப் பலமுறை கழுவிய பின் மாதிரி எடுங்கள். உப்பு மண்ணில் அதிகம் ஒட்டாது என்பதால், கழிவு நெருங்கும்போது பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது அதுதான். சில ஆண்டுகளாக நிலையாக இருந்த உப்பின் அளவு காரணம் இல்லாமல் ஏறத் தொடங்கினால் உஷாராகுங்கள்.

குரோமியம், ஈயம், ஆர்சனிக் போன்றவை வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனையில் தெரியாது. ஆலைப் பகுதி விவசாயிகள் அவற்றைத் தனியாகக் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். எந்தப் பாட்டிலில், எப்படி எடுக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தண்ணீர் மஞ்சளாக இருந்தால் குடிக்கவோ கால்நடைக்குக் காட்டவோ வேண்டாம். கொதிக்கவைத்தால் குரோமியம் போகாது. நீர் வற்றும் அளவுக்கு அடர்த்திதான் கூடும்.

பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து இப்படிக் குறித்துவைத்தால், ஐந்து ஆண்டில் அது எந்த அலுவலகத்திலும் இல்லாத ஆவணமாகிவிடும். சுத்திகரிப்புத் திட்டம் போட வரும் விஞ்ஞானிக்கு அது கிடைத்தால் கணக்கு சரியாகும். கிடைத்தும் சேர்க்காமல் விட்டால், கூட்டத்தில் நோட்டை நீட்டிக் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.